பதின்மூன்றாம் அதிகாரம்

பிப்ரவரி 18, புதன். லெந்து, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் உபவாச காலம், தொடங்குகிறது.

கர்த்தருடைய கிருபையால் முதலில் பேரப்பிள்ளைகளின் காரியங்களை எழுதிவிடுகிறேன். மூத்த மகன் எட்வினுடைய மகள் ஷைனி பல் டாக்டருக்குக் கடைசி வருஷம் படிக்கிறாள், போன மாதம் மெடல் வாங்கினாள். அவள் தம்பி ஆல்பின் மாவட்ட நீச்சலில் முதலாவது. இப்போது கப்பல் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. இளைய மகன் செல்வினுடைய மகள் ரூபி எட்டாம் வகுப்புதான், அதற்குள் கோயில் பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கிறாள். என் கொழுந்தன் தவமணியின் பேரன் துபாயில் இன்ஜினியர். என் மகள் சீலி ராஞ்சி பக்கம் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கும் ஒரு மகள் உண்டு.

எங்கள் சீயோன்விளை கோயிலுக்கு இது நூற்றைம்பதாவது வருஷம். வேதம் முழுவதையும் சபையார் கையாலேயே எழுதி, புத்தகமாகக் கட்டி, ஈஸ்டர் அன்று பலிபீடத்தில் வைக்கப்போகிறோம். சீட்டுக் குலுக்கினார்கள். எனக்கு விழுந்தது தாவீது ராஜாவின் சரித்திரத்தில் பதினொன்றாம் அதிகாரம் முதல் பதினைந்து வரை. நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் அது எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்து ஐந்து. என் எழுத்தைப் பார்த்து எங்கள் சபைப் போதகர் ஐயரின் மனைவியே அசந்துபோனாள்.

"பாட்டி, முத்து முத்தா இருக்கே! ஆனா இந்த 'லை' எல்லாம் பழைய லைல்லா? கொம்பு போட்டுருக்கீங்க."

"யானைக்குத் தும்பிக்கை இருக்கிற மாதிரி லைக்கும் இருக்கணும் ஐயரம்மா."

அவள் பெயர் எப்சிபா. முப்பது வயசுகூட இருக்காது, ஆனாலும் ஐயர் மனைவி ஐயரம்மாதான். கை பழக வேண்டும், தினமும் டைரியில் நாலு வரி எழுதிவிட்டு வேதத்தை எழுதுங்கள் என்று அவள்தான் சொன்னாள். அதனால் இது.

பிப்ரவரி 19, வியாழன்

முருங்கைக்கீரை உருவினேன். மிளகாய் காயப் போட்டேன். கை வலி.

பிப்ரவரி 22, ஞாயிறு

ஆராதனை முடிந்து தவமணி சாப்பிட வந்தான். அவன் மனைவி இறந்த பிறகு ஏழு வருஷமாக ஞாயிறு மத்தியானம் இங்கேதான். லெந்து என்பதால் கறி கிடையாது. பருப்புக் குழம்பு, அவியல், அப்பளம்.

நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்குள் வந்த அன்று தவமணிக்குப் பன்னிரண்டு வயசு. கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தான். தாயில்லாப் பிள்ளை. எல்லாரும் போன பிறகு மெதுவாக வந்து, "மைனி, பசிக்கு" என்றான். இந்த வீட்டில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். கல்யாணச் சேலையோடு அடுப்பைப் பற்றவைத்தேன். என் பிள்ளைகளுக்கு முன்னால் நான் வளர்த்த பிள்ளை. ஹெட்மாஸ்டராகி ரிட்டையர் ஆகி, இப்போது ஜூபிலி கமிட்டிக்குச் செயலாளர். ஈஸ்டர் அன்று அந்தப் பெரிய புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடக்கப்போவது அவன்தான்.

"என்ன மைனி, எழுத்து எது வரைக்கும் வந்திருக்கு?"

"பதினொண்ணுல பாதி."

"மெதுவா எழுதுங்க, கண்ணு போயிரும்" என்றான். அவனுக்கு எப்போதும் என்மேல் கரிசனம்.

பிப்ரவரி 27, வெள்ளி

பதினொன்று முடிந்தது. பன்னிரண்டு தொடங்கியாயிற்று. எழுத உட்கார்ந்தால் பழைய குடும்ப ஜெபம்தான் நினைவுக்கு வருகிறது. என் வீட்டுக்காரர் வேதமாணிக்கம் நடுவில் பாயில் இருப்பார். நாங்கள் சுற்றி. ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிக்க வேண்டும். சாயங்காலம் விளக்கேற்றியதும் ஒரு அதிகாரம், அதற்கு மேல் இல்லை. முடிந்ததும் அதிகாரத்தின் தலையில் பென்சிலால் அன்றைய தேதியைச் சின்னதாகக் குறிப்பார். முதலிலிருந்து கடைசிவரை இப்படியே நாலு தடவை முடித்திருக்கிறோம். எந்த வீட்டில் அப்படி உண்டு!

எட்வின் வாசித்தால் ரயில் ஓடுகிற மாதிரி. செல்வின் எழுத்துக் கூட்டுவான். சீலி வாசித்தால்தான் தெருவில் போகிறவர்கள் நிற்பார்கள். இரட்டைப் பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு, விரல் வைக்காமல் வாசிப்பாள். வேத வினாப் போட்டியில் டயோசிஸ் சபைகள் முழுவதற்கும் முதல் பரிசு. எந்த அதிகாரத்தில் என்ன இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள்.

அவள் ஊருக்கு வருவதில்லை. லீவு கிடைப்பதில்லை. முப்பத்தாறு வருஷமாகக் கிடைப்பதில்லை. அப்பா அடக்கத்துக்கு மட்டும் ஒரு நாள் வந்து போனாள்.

மார்ச் 4, புதன்

என் பங்கை முடித்துவிட்டேன்! முழுச் சபையிலும் முதலாவது நான்தான். தாள்களை மஞ்சள் துணியில் சுற்றி ஐயரம்மாவிடம் கொடுத்தேன்.

மார்ச் 6, வெள்ளி

ஐயரம்மா மஞ்சள் துணியோடு வந்தாள்.

"பாட்டி, பதிமூணு எங்க?"

"எந்தப் பதிமூணு?"

"பன்னெண்டு முடிஞ்சி நேரா பதினாலு எழுதிட்டீங்க. ஒரு அதிகாரத்தையே காணும்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. எங்கள் குடும்ப வேதத்தை எடுத்து வந்து காட்டினேன். பன்னிரண்டு ஒரு தாளின் அடியில் முடிகிறது, திருப்பினால் பதினாலு. அச்சாபீஸ்காரன் விட்டுவிட்டான் என்று சொன்னேன். ஐயரம்மா தாளை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"இது ரெண்டு தாளு பாட்டி. ஓரத்துல பசை போட்டு ஒட்டிருக்கு."

அந்தத் தாள் தடிப்பாக இருப்பது எனக்குத் தெரியும். படத்தாளோ என்னவோ என்று நினைத்திருந்தேன். என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் அதில் அதிகமாக வாசிப்பது சங்கீதப் பகுதிதான்.

"யாரு ஒட்டுனா?" என்றாள்.

"பழைய புஸ்தகம். ஈரத்துல ஒட்டியிருக்கும்" என்றேன்.

மார்ச் 7, சனி

இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கவிட்டு ஆவியில் பிடித்தேன். மைதாப் பசை. மூன்று ஓரத்திலும் அளவாகத் தடவி, எழுத்தில் படாமல் ஒட்டியிருந்தது. இவர்தான். காலண்டர் அட்டை ஒட்டினாலும் இவர் இப்படித்தான் கோடு பிசகாமல் ஒட்டுவார். கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது. உள்ளே தாள் புதுசு போல வெள்ளையாக இருந்தது.

வாசிக்கவில்லை. உளுந்து ஊறப்போட்டிருந்தேன், ஆட்ட வேண்டியிருந்தது.

மார்ச் 8, ஞாயிறு

தவமணி சாப்பிடும்போது, பதிமூன்று விட்டுப்போய்விட்டது என்றும் எழுத வேண்டும் என்றும் சொன்னேன். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தவன் கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டான்.

"அத நீங்க எழுத வேண்டாம் மைனி. கிறிஸ்டி டீச்சர எழுதச் சொல்லிருதேன்."

"ஏன், என் எழுத்துக்கு என்ன?"

"உங்க எழுத்துக்கு ஒண்ணுமில்ல. அது... பொம்பளைங்க வாசிக்கிற அதிகாரமில்ல."

"கிறிஸ்டி டீச்சர் ஆம்பளையா?"

சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அப்பளத்தைத் தொடாமல் எழுந்துவிட்டான்.

மார்ச் 10, செவ்வாய்

வாசித்தேன். எனக்கு எழுபத்தொன்பது வயசு. நாலு தடவை வேதத்தை முடித்த வீடு. இந்த அதிகாரத்தை இன்றைக்குத்தான் முழுதாக வாசிக்கிறேன்.

ராஜாவுக்குத் தாமார் என்று ஒரு மகள். வேறு தாய்க்குப் பிறந்த மூத்த மகன் அவள்மேல் கண் வைத்து, சீக்கு என்று பொய்யாகப் படுத்துக்கொள்கிறான். தங்கச்சி வந்து பணியாரம் சுட்டுத் தந்தால் சாப்பிடுவேன் என்கிறான். தகப்பன் ராஜா நம்பிவிடுகிறார். போய் அவனுக்குச் சாப்பாடு செய்து கொடு என்று ஆள் அனுப்பி, அவளைப் போகச் சொல்வது தகப்பன்தான்.

ஆறு வசனம் எழுதினேன். பணியாரம் என்ற வார்த்தை வந்த இடத்தில் மை சிந்திவிட்டது. தாளை மாற்ற வேண்டும்.

மார்ச் 11, புதன்

நான் சீலியிடம் கொடுத்தனுப்பியது கஞ்சி. பணியாரம் இல்லை. கஞ்சியும் புளித் துவையலும்.

மார்ச் 13, வெள்ளி

சந்தையில் வெண்டைக்காய் வாங்கினேன், முற்றல். பத்தொன்பதாம் வசனம் வரை எழுதினேன். அவள் அவனிடம் கெஞ்சுகிறாள். நம் ஜனத்தில் இப்படி இல்லையே, நான் இந்த வெட்கத்தோடு எங்கே போவேன் என்று கேட்கிறாள். அவன் கேட்கவில்லை. பிறகு ஆளைக் கூப்பிட்டு அவளை வெளியே தள்ளிக் கதவைப் பூட்டச் சொல்கிறான். அவள் தலையில் சாம்பலை அள்ளிப் போட்டுக்கொண்டு அழுதுகொண்டே நடந்து போகிறாள்.

சீலி அழவில்லை. தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் என்னிடம் வந்தாள். அப்போது அவளுக்குப் பத்தொன்பது. டீச்சர் டிரெய்னிங் போய்க்கொண்டிருந்தாள். தவமணியின் மனைவி பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்த மாதம் அது. இன்றைக்கு இவ்வளவு போதும்.

மார்ச் 15, ஞாயிறு

தவமணி வரவில்லை, கமிட்டி வேலையாம். இலையை மடித்து வைத்தேன்.

மார்ச் 16, திங்கள்

ராஜா இதெல்லாம் கேள்விப்பட்டு ரொம்பக் கோபப்பட்டார் என்று போட்டிருக்கிறது. பிறகு என்ன செய்தார் என்று அடுத்த வரியில் தேடினேன். ஒன்றும் இல்லை. விட்டுவிட்டேனோ என்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். கோபப்பட்டார். அவ்வளவுதான்.

பிறகு இவர் பென்சில் தேதிகளைப் பார்த்தேன். நாலு தடவை வாசித்த வீடு என்று பெருமையாக எழுதியிருந்தேன். பதினொன்றின் தலையிலும் பன்னிரண்டின் தலையிலும் நாலு தேதி. பதிமூன்றின் தலையில் ஒன்றுகூட இல்லை. முந்தின மூன்று சுற்றில் பிள்ளைகள் சின்னப் பிள்ளைகள், தாண்டிப் போயிருப்பார், அது சரி. ஆனால் அப்போதெல்லாம் பசை போட்டு ஒட்டவில்லையே. கடைசிச் சுற்றில் பன்னிரண்டின் தலையில் 9-11-89. பதினாலின் தலையில் 10-11-89.

அந்தச் சாயங்காலம் எனக்கு நினைவிருக்கிறது. தவமணியும் வந்து பாயில் உட்கார்ந்திருந்தான். இவர் புத்தகத்தைத் திறந்து பதினாலு என்றார். சீலி, "அப்பா, இன்னைக்குப் பதிமூணுல்லா?" என்றாள். "அது வாசிச்சாச்சும்மா" என்றார். அவள் அவர் முகத்தையே பார்த்தாள். எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள். ஜெபத்தின் நடுவில் எழுந்து போகலாமா என்று நான் பிறகு அவளைத் திட்டினேன். எனக்கு நினைவிருந்தது அந்தத் திட்டு மட்டும்தான்.

அப்பாவுக்குத் தெரிந்தால் உயிரை விட்டுவிடுவார், அவர் காதில் விழக் கூடாது என்று சொல்லித்தான் நான் சீலியின் வாயை அடைத்தேன். மூன்று மாதமாக அடைத்து வைத்திருந்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, மைதா காய்ச்சியிருக்கிறார்.

இருபது வருஷம் அதற்குப் பிறகும் என் பக்கத்தில் படுத்திருந்தார். ஒரு நாள்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

மார்ச் 18, புதன்

ஐயரம்மா உள்ளிப் பக்கடா கொண்டுவந்தாள். கேட்டேன்.

"தாமாருக்கு அம்மா கிடையாதா?"

"இருக்காங்க பாட்டி. மாக்காள்னு பேரு. முன்னால ஒரு இடத்துல வருது."

"பதிமூணுல எங்க?"

யோசித்தாள். "பதிமூணுல வரல."

"மகளுக்கு இப்படி ஆயிருக்கு. அம்மா ஒரு வார்த்தை பேசல?"

"எழுதல பாட்டி."

"பேசிருந்தா எழுதிருப்பாங்கல்லா" என்றேன். ஐயரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பக்கடா ஆறிப்போயிற்று.

மார்ச் 20, வெள்ளி

இன்னொரு வசனம் எழுதிவிட்டு எட்வினுக்குப் போன் பண்ணினேன். தாமாரின் கூடப்பிறந்த அண்ணன் அவளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, பேசாமல் இரு தங்கச்சி, அவனும் உனக்கு அண்ணன்தானே, மனசில் வைக்காதே என்கிறான். அதுதான் அந்த வசனம்.

"ஏல எட்வின், சீலி ஏன் வடக்க போனான்னு ஒனக்குத் தெரியுமா?"

அங்கே டிவி சத்தம் நின்றது.

"தெரியும்மா."

"எப்ப தெரியும்?"

"அப்பவே. தீபாவளி லீவுக்கு வந்தேன்லா. கிணத்தடில வச்சிச் சொன்னா."

"நீ என்னல சொன்ன?"

"எனக்கு இருவத்திரண்டு வயசும்மா. என்ன சொல்லத் தெரியும்? அவரு சித்தப்பால்லா, வெளிய சொல்லாத, மனசுல வைக்காதன்னேன். ஒங்களுக்கும் அப்பாவுக்கும் தெரிஞ்சா தாங்க மாட்டீங்கன்னு நெனச்சேன்." பிறகு, "ஒங்களுக்குத் தெரியுமாம்மா?" என்றான். அவன் அழுவது கேட்டது. ஐம்பத்தொன்பது வயசுப் பிள்ளை.

எனக்குத் தெரியும். அவருக்குத் தெரியும். இவனுக்குத் தெரியும். ஒருத்தரை ஒருத்தர் காப்பாற்றுகிறோம் என்று வாயை மூடிக்கொண்டு ஒரே பாயில் உட்கார்ந்து பாட்டுப் பாடியிருக்கிறோம். எங்கள் எல்லாருக்கும் தெரியும் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

மார்ச் 22, ஞாயிறு

தவமணி வந்தான். கால் கழுவிவிட்டு உட்கார்ந்தான்.

"என்ன மைனி, இலையக் காணும்?"

"போடல."

"ஒடம்பு சரியில்லையா?"

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. தவமணி, சீலி கஞ்சி கொண்டு வந்தாளே, அன்னைக்கு ஒனக்குக் காய்ச்சல் இருந்துச்சா?"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அது எந்தக் காலம் மைனி..."

"இருந்துச்சா, இல்லையா?"

"இப்ப அதக் கிளறி யாருக்கு என்ன கிடைக்கப் போவுது? அண்ணன் பேரு இருக்கு. கோயில் காரியம் கிடக்கு. பிள்ளைங்கல்லாம் நல்லா வந்திருக்கு..."

"காய்ச்சல் இருந்துச்சான்னு மட்டுந்தான் கேட்டேன்."

தலை குனிந்தபடி இருந்தான். அந்தக் குனிந்த தலைக்கு நான் எண்ணெய் தேய்த்திருக்கிறேன், பேன் பார்த்திருக்கிறேன். டைபாய்டில் கிடந்தபோது பதினாறு நாள் பக்கத்திலிருந்து விசிறியிருக்கிறேன். அதனால்தான் தவமணிக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்து சொன்ன உடனே அடுப்பில் கஞ்சி வைத்தேன். அதையும் எழுத வேண்டும்.

"இனி இந்த வீட்ல ஒனக்கு இலை கிடையாது."

"நீங்க வளத்த பிள்ள மைனி நான்."

"அவள நான் பெத்தேன்."

போய்விட்டான். செருப்பைத் தப்பாக மாட்டிக்கொண்டு, திரும்ப வந்து சரியாகப் போட்டுக்கொண்டு போனான். அவியலுக்குத் தேங்காய் கொஞ்சம் கூடிவிட்டது. நானே சாப்பிட்டேன்.

மார்ச் 23, திங்கள்

பதிமூன்று முடிந்தது. முப்பத்தொன்பது வசனம். எழுதியவர் பெயர் போடுகிற இடத்தில் ஞானப்பூ வேதமாணிக்கம் என்று போட்டேன்.

தாள்களைக் கொடுத்தபோது ஐயரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையால் அந்தப் புத்தகத்தைத் தூக்கக் கூடாது, நானே கமிட்டியில் எழுந்து சொல்கிறேன் என்றேன். அவள் அழுதாள். பிறகு, "சீலி அக்காட்ட கேட்டீங்களா பாட்டி?" என்றாள்.

"என்ன கேக்க?"

"சொல்லலாமான்னு. இது அவங்களுக்கு நடந்தது. பேசாதன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்பப் பேசுறதும் நீங்களா முடிவு பண்ணக் கூடாதுல்லா."

சின்னப் பிள்ளை. சரி, கேட்கிறேன் என்றேன். புத்தகத்தைத் தூக்குகிற காரியத்தை மட்டும், காரணம் சொல்லாமல், ஐயரிடம் சொல்லித் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

மார்ச் 25, புதன்

சீலிக்குக் கடிதம் எழுதித் தபாலில் சேர்த்தேன். அதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

அன்புள்ள மகள் சீலிக்கு, அம்மா எழுதுவது.

நீ அன்றைக்குச் சொன்னது முழுவதும் உண்மை என்று எனக்கு அன்றைக்கே தெரியும். நம்பவில்லை என்று நடித்தேன். தூக்குச்சட்டியை உன் கையில் கொடுத்தபோது நீ, "நான் போகலம்மா, செல்வின அனுப்புங்க" என்றாய். ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கக் கூட உனக்குத் திமிரா என்று கேட்டுத் தள்ளிவிட்டேன். நீ திரும்பி வந்து சொன்னபோது உன் வாயைப் பொத்தினேன். என் கையில் உரித்த உள்ளியின் வாசம் அடித்திருக்கும். இத்தனை வருஷம் இதை யாருக்கும் நான் எழுதியதில்லை, சொன்னதில்லை.

அப்பாவுக்குத் தெரிந்திருந்தது என்று எனக்கு இந்த மாதம்தான் தெரியும். உனக்கு அந்தச் சாயங்காலமே தெரிந்துவிட்டது. எட்வினும் சொன்னான். உனக்கு எழுதப்போவதாகச் சொல்கிறான். நீ வாசிக்க வேண்டும் என்று இல்லை.

தவமணிக்கு இனி இந்த வீட்டில் இடம் இல்லை. முப்பத்தாறு வருஷம் பிந்திச் செய்தேன். சபையிலோ போலீசிலோ சொல்ல வேண்டும் என்று நீ நினைத்தால் என் பெயரைப் போட்டு, நான்தான் அனுப்பினேன் என்று எழுதித் தருவேன், கூட வந்து நிற்பேன். வேண்டாம் என்றால் வேண்டாம். ஐயரம்மா ஒருத்தியிடம் மட்டும் உன்னைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், அதுவும் தப்பு.

ஊருக்கு வா என்று மூன்று தடவை எழுதி அடித்துவிட்டேன். கூப்பிட எனக்கு முகம் இல்லை. மன்னிக்கச் சொல்லியும் எழுதவில்லை, அது உன் இஷ்டம்.

அப்பா அடக்கத்துக்கு வந்தபோது நீ முக்காட்டை எடுக்கவில்லை. நானும் நேராகப் பார்க்கவில்லை. என்னிடம் இருப்பது டிரெய்னிங் ஸ்கூலுக்கு எடுத்த படம் ஒன்றுதான், அதில் உனக்குப் பத்தொன்பது. உனக்கு இப்போது ஐம்பத்தாறு நடக்கிறது. நரைத்திருக்கும், கண்ணாடி போட்டிருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. புதிதாகப் படம் ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு மகளே. உன் மகளும் கூட நிற்க விரும்பினால் நிற்கட்டும். சிரிக்க வேண்டும் என்று இல்லை. எப்படி இருக்கிறாயோ அப்படியே எடுத்து அனுப்பு.